ஒன்றும் நடக்காத மாதம்

நமது சஞ்சிகைகளைப் புரட்டிப் பாருங்கள். ரமழானைப் பற்றிக் கட்டுரை இருக்கும். ஹஜ்ஜைப் பற்றி, ஹிஜ்ரத்தைப் பற்றி, ரபீஉனில் அவ்வலைப் பற்றி இருக்கும். இவற்றுக்கு நடுவே வந்து போகும் ஸபர் மாதத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. எழுத அதில் என்ன இருக்கிறது? நோன்பில்லை, பெருநாளில்லை, விருந்து விசேடமில்லை.

முன்னைய காலத்தில் அதன் நிலைமை இதைவிட மோசம். பீடை மாதம் என்று சொல்லி அந்த மாதத்தில் கல்யாணம்கூட வைக்கமாட்டார்களாம். கடைசிப் புதன்கிழமையை ஒடுக்கத்துப் புதன் என்று அழைத்து, மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடித்ததை எங்கள் உம்மும்மா இன்றும் நினைவு வைத்திருக்கிறார். ஸபரில் கெட்ட சகுனம் எதுவும் கிடையாது என்று நபி (ஸல்) அவர்கள் எப்போதோ மறுத்துவிட்டார்கள். அந்தப் பயம் இப்போது நம்மிடம் இல்லை. ஆனால் அந்த மாதத்துக்கென்று ஒரு மதிப்பும் வந்து சேரவில்லை.

எனக்கென்னவோ அந்த மாதத்தின் மேல் தனியொரு பற்று. ஒரு வீடு எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவர் பெருநாளன்று அங்கே போகக்கூடாது. அன்று எல்லா வீட்டிலும் புது உடுப்பு, எல்லா வீட்டிலும் வட்டிலப்பம், எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஸபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாதத்தின் கைக்காசு முடிகிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

சென்ற ஸபரின் 29 நாட்களும் எங்கள் வீட்டில் நடந்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். உயர்தரப் பொருளியல் வகுப்பில் ஆசிரியை தந்த ஒப்படை அது. ஒரு மாத வீட்டு வரவு செலவைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுத எழுத, வரவிலும் சேராத செலவிலும் சேராத விடயங்கள் பக்க ஓரத்தில் நிறையத் தொடங்கின. ஒப்படைக்குப் புள்ளி கிடைத்துவிட்டது. அந்தப் பக்க ஓரங்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

எங்கள் வீடு புத்தளத்தில். உம்மும்மா, வாப்பா, உம்மா, நானா, நான், தம்பி என்று ஆறு பேர். வாப்பா தையற்காரர். ஹஜ்ஜுப் பெருநாள் தையல் முடிந்த பிறகு மெசின் அதிகம் ஓடாத காலம் வரும். சிப் மாற்றுவது, காற்சட்டைக் கால் வெட்டி மடிப்பது, கிழிந்த பாடசாலைப் பைக்குத் தையல் போடுவது என்று சில்லறை வேலைகள்தான் வரும். ஆகவே ஸபர் எங்களுக்குக் கை இறுக்கமான மாதம். அந்த இறுக்கத்தைச் சமாளிக்க உம்மா சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை தவிர நாளொன்றுக்கு 80. ஒன்று 10 ரூபாய்.

அரிசி மாவை வறுத்துச் சலித்து வைப்பது முதல் நாள் இரவு வேலை. விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டப்படும். சுபஹு பாங்கு சொல்லும்போது முதல் அடுக்கு அவிந்துவிட்டிருக்கும். கடைக்கான 80 உம் முடிந்ததும் அதே உரலில், அதே மாவில், எங்களுக்காக இன்னும் 30 பிழிவார். நானா கடைக்குரியதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதற்குள் சம்பலும் சொதியும் தயாராகிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த மாதத்தில் 25 நாட்கள் இடியப்பம் அவித்தார். கடைக்குப் போனது 2,000. வீட்டில் நாங்கள் உண்டது 750. வரவுப் பக்கத்தில் 20,000 ரூபாய் என்று எழுதினேன், மா வாங்கியதையும் விறகு வாங்கியதையும் செலவுப் பக்கத்தில் எழுதினேன். அந்த 750 ஐ எங்கே எழுதுவது?

எங்குமே எழுத வேண்டியதில்லை என்பதுதான் பாடத்தின் விடை. சந்தைக்கு வராத வீட்டுச் சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு ஆகியவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்க்கப்படுவதில்லை. ஒரே பெண், ஒரே அடுப்பு, ஒரே விடியற்காலை. கடைக்குப் போன இடியப்பம் நாட்டின் உற்பத்தி. எங்கள் பீங்கானுக்கு வந்த இடியப்பம் அந்தக் கணக்கில் பிறக்கவேயில்லை.

இது யாரும் கவனிக்காமல் நடந்த ஒன்றல்ல. அமெரிக்காவின் தேசிய வருமானத்தை விரிவாகக் கணக்கிட்டு 1934 இல் அந்நாட்டுச் செனற் சபைக்கு அறிக்கை தயாரித்த சைமன் குஸ்நெட்ஸ், இல்லத்தரசிகளின் வேலையைத் தாம் சேர்க்கவில்லை என்பதை அந்த அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் விட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் ஊழியப் படை மதிப்பீட்டில், கூலிக்கு வேலை செய்யாமலும் தேடாமலும் வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண் ‘பொருளாதார ரீதியில் செயற்படாதவர்’ என்ற பிரிவில் வருகிறார். நாட்டின் முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல்தான் நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஆண்களைவிடப் பெண்கள் மிகக் கூடுதலான நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரிய வந்தது. ஓர் ஆய்வு நடத்தித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததா என்று நம் உம்மாமார் கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திணைக்களத்தை விடுங்கள். நம் பாடசாலைப் படிவங்களில் ‘தாயின் தொழில்’ என்று ஓர் இடம் இருக்கிறது. எத்தனை படிவங்களில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருக்கிறது!

நாம் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். நாளுக்கு எத்தனை தடவை அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். மேடைப் பேச்சிலும் கவிதையிலும் உம்மாவுக்கு நன்றி சொல்லாத வருடம் கிடையாது. அங்கெல்லாம் உம்மா மெழுகுவர்த்தியாக உருகுகிறார், சுமைதாங்கியாக நிற்கிறார். நல்ல பிள்ளைகள் எழுதிய நல்ல கவிதைகள்தான். ஆனால் மெழுகுவர்த்தி என்று எழுதும் பிள்ளையிடம், உன் உம்மாவுக்கு எந்தத் தோள் வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இடியப்ப உரல் பிழிபவருக்கு வலது தோள் வலிக்கும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கமாட்டார். இந்த விபரம் தெரியாமல் சொல்லப்படும் நன்றி மரியாதையாக இருக்கலாம். அது போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று அதற்கே தெரியாது.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் எல்லோரும் மனனமிட்டிருக்கிறோம். அதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: ரிஸ்க் வானத்திலிருந்து எழுதப்படுகிறது, ஆனால் நம் பீங்கானுக்கு அது யாரோ ஒருவருடைய கையால்தான் வருகிறது. அந்தக் கையை அறியாதவர் பீங்கானை மட்டும் பார்த்து எதற்கு நன்றி சொல்கிறார்?

நான் கொப்பியும் கையுமாக அடுப்படியில் நிற்பது உம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“என்னத்துக்கு மகள் இதையெல்லாம் எண்ணுற? எண்ணினா பரகத் போயிடும்.”

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதற்கு அடிப்படை இல்லாமலில்லை. ஆயிஷா (ரழி) அவர்களிடமிருந்த சிறிதளவு வாற்கோதுமை நெடுநாள் தீராமல் வந்ததும், அளந்து பார்த்த பின் தீர்ந்துபோனதும் ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. ஆகவே உம்மாவோடு நான் வாதாடவில்லை. மாவை எண்ணவில்லை உம்மா, உங்கள் கையைத்தான் எண்ணுகிறேன் என்றேன். அதற்கு அவர், “கையை எண்ணிக்கிட்டு நிக்கிற நேரத்துக்கு அந்தத் தேங்காயைத் திருவித் தா” என்றார். திருவிக் கொடுத்தேன். தேங்காய் திருவுவதும் கொப்பியில் ஏறியது. அந்த மாதம் 34 தேங்காய்.

வாப்பாவின் பக்கம் இன்னும் அமைதியானது. கடையில் ஒரு நாள் கிடைத்தது 350 ரூபாய். இன்னொரு நாள் 2,400. இஷாவுக்குப் பின் வீடு வந்து காசைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பார், அதனால்தான் எனக்குத் தெரியும். அவர் வாசலில் சொல்லும் ஸலாத்தின் சத்தத்தை வைத்து அன்று கிடைத்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. 29 நாளும் முயன்று பார்த்தேன். அந்த ஸலாம் மாறாமல் இருப்பதும் அவர் செய்கின்ற ஒரு வேலை என்றே நினைக்கிறேன். கடையில் பத்து மணித் தேத்தண்ணியை அந்த மாதம் நிறுத்தியிருந்தார் என்பது பிறகு நானா சொல்லித்தான் தெரிந்தது. அரசாங்கம் தரும் இலவசச் சீருடைத் துணியை எனக்கும் தம்பிக்கும் தைத்ததற்குக் கூலி இல்லை. தம்பியின் பழைய காற்சட்டைக்கு உட்பக்கமாக அவர் போட்ட ஒட்டு வெளியில் தெரியவே தெரியாது. அதுவும் எந்தக் கணக்கிலும் வராது. உழைத்துப் போடுகிறவர் என்று வாப்பாவைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உழைப்பு குறைந்த மாதத்தில் அவர் என்னவெல்லாம் செய்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

உம்மும்மாவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கட்டுரையில் எனக்கு ஆசான் அவர்தான்.

அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பகலில் பெரும்பாலும் முன் விறாந்தையில் இருப்பார். மஃரிபு தொழுதபின் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். கண் பார்வை மங்கல் என்பதால் சில நாள் கைத்தடியால் தொட்டுப் பார்ப்பார். ஆறு சோடியும் இருந்தால் உள்ளே வருவார். வாப்பாவுடையது பிந்தித்தான் வரும், ஆகவே அவருக்காக மட்டும் இஷா வரை காத்திருப்பார். இதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறார். வந்துபோகும் விருந்தாளிகளின் செருப்புகளையும் சேர்த்து எண்ணிக் குழம்பிவிடுவார் என்று சாச்சிமார் கேலி செய்வதும் உண்டு.

உம்மும்மாவின் ஊர் மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் உம்மும்மாவும், அப்போது எட்டு வயதாயிருந்த என் உம்மாவும் இருந்தார்கள். பிறகு வருடக் கணக்கில் ஓலைக் கொட்டிலும் நிவாரணப் பங்கீடும்தான்.

அந்த நாட்களைப் பற்றி உம்மும்மா அழுது சொல்லி நான் கேட்டதில்லை. விட்டு வந்த நகையைப் பற்றியும் பேசமாட்டார். அவர் பேசுவது ஒரு அம்மியைப் பற்றி. அம்மியில் அரைத்து முடித்துக் கழுவாமல் வைத்துவிட்டு வந்தாராம். “கழுவி வெச்சிட்டு வந்திருக்கலாம், நேரமில்லாமப் போச்சு” என்பார். ஒரு நாள் அவரிடம் கேட்டேன், முகாமில் எதை அதிகம் தேடினீர்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நாளைக்கு என்ன கறி எண்டு யோசிக்கிறதை” என்றார்.

நாளைக்கு என்ன கறி! நம் வீடுகளில் உம்மாமார் சலிப்போடு கேட்கும் கேள்வி. பிள்ளைகள் சலிப்போடு பதில் சொல்லும் கேள்வி. அந்தச் சலிப்பு வேண்டுமானால் ஓர் அடுப்படி வேண்டும், ஒரு சந்தை வேண்டும், நாளையும் இதே வீட்டில்தான் இருப்போம் என்ற உறுதி வேண்டும். ஒன்றும் நடக்காத மாதத்தைப் பெறுவதற்கு எத்தனை விடயங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதை உம்மும்மாவைவிட நன்றாக எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நம் தலைமுறைக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அந்த வருட ரமழானில் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன, தராவீஹையும் பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதோம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எரிவாயு சிலிண்டருக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளையும் மூடினார்கள். அப்போது எல்லோருமே ஒரே துஆதான் கேட்டோம்: பழையபடி இருந்தால் போதும். பழையபடி வந்தது. வந்த கையோடு அது நமக்குச் சலித்தும் போனது. மனிதனின் இயல்பு அது, குறை சொல்லி என்ன செய்வது. ஆனாலும் அந்தத் துஆ ஏற்கப்பட்டதை ஒருவராவது நினைவுபடுத்திச் சொல்ல வேண்டாமா?

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம்.

எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பழக்கும்போது அதிகமாகச் சொல்லப்படும் காரணம், போகிற இடத்தில் பேர் கெட்டுவிடும் என்பது. அதாவது இன்னும் பார்க்காத ஒரு வீட்டுக்காக இன்று நான் பீங்கான் கழுவ வேண்டும். எனக்கு அந்தக் காரணம் உடன்பாடில்லை. நான் பீங்கான் கழுவுவது இந்த வீட்டில் நான் சாப்பிட்டதற்காக. உம்மாவின் வலது தோளுக்காக. அந்தக் காரணம் போதாதா? அது போதுமென்றால், அதே பீங்கானில் சாப்பிட்ட ஆண் பிள்ளைக்கும் அது பொருந்தும். போகிற இடம் என்ற ஒன்று அவனுக்கு இல்லாமல் இருக்கலாம், சாப்பிட்ட இடம் இருக்கிறது.

ஏழாம் தரத்தில் படிக்கும் தம்பியிடம் இடியப்பத் தட்டுகளைக் கழுவி அடுக்கும் வேலையை ஸபரின் இரண்டாவது வாரத்தில் கொடுத்தோம். முதல் மூன்று நாளும் முணுமுணுத்தான். நாலாம் நாள் விடிய எழும்பவேயில்லை. அதற்கிடையில் வீட்டுக்கு வந்த மாமி ஒருவர் அவன் தட்டுக் கழுவுவதைக் கண்டு, “ஆம்புளப் புள்ளையைப் போய் அடுப்படியில விட்டீக்கிறீங்களே” என்று மெய்யான வருத்தத்தோடு சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னதை வாப்பா மாமிக்கு ஞாபகப்படுத்தினார். மாமி மறுத்துப் பேசவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்தக் கிளாசைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். வாப்பா தம் கிளாசைக் கழுவினாரா என்று கேட்காதீர்கள். அந்த மாதம் 29 நாளில் 9 நாள் கழுவினார். எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியும் விட்டேன். ஆக அதிகமாகச் சிரித்தவர் வாப்பாதான்.

உம்மா செய்வதெல்லாம் அல்லாஹ்விடம் நன்மை எதிர்பார்த்துத்தானே, அதை எண்ணுவதும் பங்கு போடுவதும் அவரைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. உம்மாவுக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, அதில் கைவைக்க யாராலும் முடியாது. ஆனால் அது அவருடைய வரவு. எங்கள் கடனை அது தீர்த்துவிடாது. ஒருவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பதற்காக அவரிடம் கைமாற்று வாங்கியவன் திருப்பிக் கொடுக்காமல் விடலாமா?

ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் அந்த 750 இடியப்பத்தையும் எழுதினேன். கடை விலைக்குப் பார்த்தால் 7,500 ரூபாய். மதியச் சோறும் இராச் சாப்பாடும், துவைத்ததும், உம்மும்மாவைக் குளிப்பாட்டியதும் அதில் இல்லை. அவற்றுக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, போட்டால் உம்மா என்னை அடுப்படியில் சேர்க்கவும்மாட்டார். கொப்பியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே மா சலித்தார். முடிவில், “சீனி விலை பிழை, அந்தக் கிழமை 10 ரூபா கூட” என்று மட்டும் திருத்தினார்.

ரபீஉனில் அவ்வல் பிறை கண்ட இரவு கடைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். மவ்லித் நாட்கள் என்பதால் நாளை முதல் 120 வேண்டுமாம். உம்மா விரல் மடித்து மாக் கணக்குப் பார்த்தார். தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த தம்பி தலை நிமிராமலே கேட்டான்:

“அப்ப ஊட்டுக்கு எத்தின, உம்மா?”